வேளைக்கு ஒரு பொட்டலம் வெடிமருந்து

என் மாமனாரை நான் ஒரு தடவை அறைந்திருக்கிறேன். தனியாக இல்லை, ஊர் கூடி நிற்க, சர்க்கார் அதிகாரி ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, பட்டப்பகலில், வாயிலேயே அறைந்தேன். கல்யாணமாகி அப்போது ஐந்து மாதம். அறைந்ததற்கு நியாயமான காரணம் இருந்தது என்று நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் யாரும் காது கொடுப்பதாக இல்லை. நீங்களாவது கேளுங்கள்.

அது யுத்த காலம். நான் அரியலூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். இருபத்து நாலு வயது. டாக்டருக்கு அடுத்தபடி நான்தான் என்ற நினைப்பு (டாக்டருக்கு அந்த நினைப்பு இல்லை). பொடியைச் சின்னத் தராசில் நிறுத்து, வெள்ளைத் தாளில் கொட்டி, மடித்து, ஓரத்தைச் செருகினேன் என்றால் அந்தப் பொட்டலத்தைத் தெருவில் போட்டு உதைத்தாலும் ஒரு துகள் சிந்தாது. மற்றவர்கள் ஊருக்குப் போகும்போது பையில் மூக்குப்பொடி டப்பா வைத்துக்கொள்வார்கள். நான் தராசு வைத்துக்கொள்வேன். எதையாவது நிறுத்துப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

என் மனைவி ஆரோக்கியம் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். அவளை அழைத்துவர ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ்ஸில் ஜெயங்கொண்டம் போய் (மேடு வந்தால் எல்லாரும் இறங்கித் தள்ளணும், தள்ளினோம்), அங்கிருந்து மாட்டு வண்டியில் வரதராசன்பேட்டைக்குப் பக்கத்திலிருந்த மாமனார் ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். மாப்பிள்ளை வந்திருக்கிறான், கோழி அடிப்பார்கள் என்று நாக்கைத் தீட்டிக்கொண்டு போனவனுக்கு, எழவு வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

"துப்பாக்கியப் புடுங்கப் போறாங்க மாப்ள" என்றார் மாமா. அவ்வளவு பெரிய உடம்பு, அவ்வளவு பெரிய மீசை. குரல் மட்டும் சின்னப் பிள்ளை குரலாக வந்தது.

மாமா அந்தோணிசாமிக்கு ஊரோரத்தில் கடலைக் கொல்லை. கொல்லைக்கு அந்தப் பக்கம் முந்திரிக் காடு. காட்டிலிருந்து பன்றிகள் வந்து ஒரே நடையில் கால் காணி கடலையை உழுதுவிட்டுப் போகும். அதற்காக லைசென்ஸோடு ஒரு துப்பாக்கி வைத்திருந்தார். இப்போதுள்ள மாதிரி தோட்டா போடுகிற துப்பாக்கி இல்லை. குழல் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, ஈயக் குண்டைப் போட்டு, இரும்புக்கோலால் இடித்து, பின்னால் 'கேப்பு' என்ற சின்னப் பொறிவெடியை மாட்டித் துப்பாக்கிக் குதிரையைத் தட்டிவிட வேண்டும். எப்போதோ நிலம் அளக்க வந்த துரை ஒருவர் மாமாவின் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. மற்ற நாட்டுத் துப்பாக்கிபோல வெறும் குழாய் இல்லை. குழலின் உட்சுவரில் திருகாணி மாதிரி புரி ஓடும். குண்டு சுழன்றுகொண்டு நேராகப் போக வேண்டும் என்பதற்காக அந்தப் புரி. மாமா கையில் அது சுழன்றுகொண்டு எங்கே வேண்டுமானாலும் போகும்.

ஒருநாள் விடியற்காலை பன்றியைப் பார்த்துச் சுட்டிருக்கிறார். நூறடி தள்ளி வேலியோரம் ஒதுங்கியிருந்த ஊர் மணியக்காரரின் பித்தளைச் செம்பில் குண்டு இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்விட்டது. மணியக்காரருக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் செம்பில் தண்ணீர் இல்லாமல் அவர் அன்று வீடு திரும்பிய கதையை ஊரே சொல்லிச் சிரித்ததில், அவர் மேலிடத்துக்கு மனு எழுதிப் போட்டுவிட்டார்: இந்தத் துப்பாக்கியால் பன்றிக்கு ஆபத்தில்லை, மனுஷருக்குத்தான் ஆபத்து.

சனிக்கிழமை ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நேரில் வருகிறார். எதிரில் மூன்று குண்டு சுட வேண்டும். அதில் இரண்டு குண்டாவது குறியில் பட்டால் லைசென்ஸ் நிலைக்கும். இல்லாவிட்டால் துப்பாக்கியை சீல் வைத்துக் கொண்டுபோய்விடுவார்.

"துப்பாக்கி போச்சுன்னா கடல போச்சு. கடல போச்சுன்னா வூட்டுல என்னா இருக்கு மாப்ள? பன்னிக்குப் பாய் விரிச்சுட்டுப் படுத்துக்க வேண்டியதுதான்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. துக்கத்தால் இல்லை, சந்தோஷத்தால்! தராசுக்கு வேலை வந்துவிட்டதே!

"எவ்வளவு மருந்து போடுவீங்க மாமா?" என்றேன்.

"ஒரு கை."

"ஒரு கைன்னா?"

"ஒரு கைதான். பெரிய பன்னின்னா நல்லா நெறக்க ஒரு கை."

"தூரத்துல நின்னா?"

"கொஞ்சம் கூடப் போடுவேன். மிச்சத்த மாதா பாத்துக்குவா."

பத்துத் தடவை கையில் எடுத்துக் காட்டச் சொன்னேன். பத்தையும் தனித்தனியாக நிறுத்தேன். ஒன்றுகூட இன்னொன்றோடு ஒத்துப்போகவில்லை! மிகப் பெரிய கை மிகச் சின்னக் கையைப் போல ஒன்றரை மடங்கு. பிறகு குண்டு எப்படிக் குறிக்குப் போகும்? ஒரு தடவை சோம்பிப் போகும், ஒரு தடவை பாய்ந்து போகும், ஒரு தடவை மணியக்காரரைத் தேடிப் போகும்.

மூன்று நாள் அந்த வீட்டில் நான் போட்ட ஆட்டம் கொஞ்சநஞ்சம் இல்லை. மருந்தைக் குன்றிமணி கணக்கில் கூட்டியும் குறைத்தும் சுடவைத்து, எந்த அளவுக்குக் குண்டுகள் ஒன்றை ஒன்று ஒட்டி விழுகின்றன என்று பனைமரத்தில் சுண்ணாம்புப் புள்ளி வைத்துப் பார்த்தேன். மாமா வார்த்து வைத்திருந்த ஈயக் குண்டுகளை ஒவ்வொன்றாக நிறுத்து, உள்ளே காற்று அடைத்து எடை குறைந்ததையெல்லாம் திரும்ப உருக்கச் சொன்னேன். குண்டைச் சுற்றும் துணி ஒரே தடிமனாக இருக்க வேண்டும் என்று, மாமா தேர்த் திருவிழாவுக்கு எடுத்து வைத்திருந்த புது மல்வேட்டியை வட்டம் வட்டமாகக் கத்தரித்து இலுப்பெண்ணெயில் நனைத்தேன். (அந்த வேட்டிக்காகத் தனியாக ஒரு சண்டை நடந்தது. அது வேண்டாம்.) இடிக்கும் கோலில் கத்தியால் ஒரு கோடு கிழித்து, "கோடு குழல் வாய்க்கு வர்ற வரைக்கும்தான் இறக்கணும். அதுக்கு மேல இடிச்சா மருந்து நொறுங்கிடும், கம்மியா இறக்கினா குண்டு மருந்துல உக்காராது" என்று மாமாவுக்கே பாடம் நடத்தினேன். ஒவ்வொரு வெடிக்கும் பிறகு ஈரத்துணி ஒன்று, காய்ந்த துணி ஒன்று விட்டுக் குழலைத் துடைக்கவும் வைத்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் மாமா அறுபது தப்படியிலிருந்து மூன்று குண்டு சுட்டார். ஓடிப்போய்ப் பார்த்தேன். மூன்றும் ஒரு உள்ளங்கைக்குள்! மாமா பின்னாலேயே ஓடி வந்து, பனைமரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்னை அப்படியே தூக்கிவிட்டார்.

"மாப்ள, நீங்க கம்பவுண்டரு இல்ல, கலெக்டரு!"

என் வாழ்க்கையில் அதுவரை யாரும் என்னைத் தூக்கியதில்லை. மண்டைக்குள் ஏறிவிட்டது. அன்றைக்கே சனிக்கிழமைக்கான மருந்தை ஒன்பது பொட்டலமாக நிறுத்து மடித்தேன். இனி சனிக்கிழமை வரை ஒரு வெடிகூடக் கூடாது என்று உத்தரவு போட்டு, துப்பாக்கியைத் துடைத்து எண்ணெயிட்டுச் சுவரில் மாட்டினேன்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். மாமாவுக்கு வெகுநாளாக வயிற்றுப் பொருமல். கையில் தராசு, மனசில் கலெக்டர் பதவி. சும்மா இருப்பேனா? கொட்டாங்கச்சிக் கரி, ஓமம், பெருங்காயம், இந்துப்பு எல்லாம் இடித்து அவருக்கு வயிற்றுப் பொடி ஒன்று செய்தேன். கரி சேர்ந்ததால் அதுவும் கறுப்பு. துப்பாக்கி மருந்திலும் கரிதான், அதுவும் கறுப்பு. அதே வெள்ளைத் தாள், அதே மடிப்பு, அதுவும் ஒன்பது பொட்டலம்.

இரண்டையும் இரண்டு டப்பாவில் போட்டு எழுதி ஒட்டினேன். வயிற்று டப்பாவில் "மருந்து" என்று மட்டும் எழுதினேன், மாமாவுக்குத்தான் தெரியுமே. துப்பாக்கி டப்பாவுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் கவனம். ஒரு வெடிக்கு ஒரு பொட்டலம்தான், இரண்டைக் கொட்டிவிடக் கூடாது என்று சொல்ல வேண்டும். கம்பவுண்டர் கை எப்படி எழுதும்? "மருந்து. வேளைக்கு ஒன்று" என்று எழுதி, கீழே கோடும் போட்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் மாமா சாப்பிட்டுவிட்டு, "அம்மா, மாப்ள குடுத்த மருந்து எங்கம்மா?" என்று கேட்டிருக்கிறார். ஆரோக்கியம் இரண்டு டப்பாவையும் படித்துப் பார்த்திருக்கிறாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பெண் இல்லை, எட்டாவது பாஸ். துப்பாக்கி வேளாவேளைக்குச் சாப்பிடுமா? "வேளைக்கு ஒன்று" டப்பாவை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, மற்றதை வேட்டைப் பையில் போட்டு வைத்துவிட்டாள். இன்றைக்கும் அவள் செய்ததில் ஒரு தப்பு கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை (முடிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேனா?).

அன்று சாயங்காலமே மாமா என்னிடம் வந்தார்.

"மாப்ள, மருந்து நல்லா கேக்குது. நாக்குல ஜில்லுன்னு உப்புக் கரிக்குது. ஏப்பம் வருது பாருங்க, குதிர காலெடுத்து வச்சாப்ல!"

"கேக்கும் மாமா. எல்லாம் அளவுதான்" என்றேன் பெருமையாக.

வெள்ளிக்கிழமை, "ஒண்ணுக்குத்தான் அடிக்கடி போவுது" என்றார். "கெட்ட நீரெல்லாம் வெளியேறுது, விடாம சாப்பிடுங்க" என்றேன். வெடியுப்பு உள்ளே போனால் அப்படித்தான் போகும் என்று புத்தகத்தில் படித்தவன் நான். அந்த மனுஷர் ஒவ்வொரு வேளையும் பொட்டலத்தை வாயில் கொட்டி, தண்ணீர் குடித்து, அதற்கு மேலே ஒரு சுருட்டையும் பற்றவைத்து நிம்மதியாக இழுத்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். கோட்டு, தலைப்பாகை, வெயிலில் வந்த கோபம். கொல்லையோரம் முந்திரி மர நிழலில் நாற்காலி போட்டோம். ஊரே வந்துவிட்டது. மணியக்காரர் சலவை வேட்டியும் அங்கவஸ்திரமுமாக, ஓட்டைச் செம்பைச் சாட்சியாகக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"குறிக்கு என்ன வைக்கிறது?" என்று இன்ஸ்பெக்டர் சுற்றிப் பார்த்தார். "அந்தச் செம்பையே கட்டுங்க. ஏற்கெனவே ஓட்டைதானே?"

மணியக்காரர் மனசில்லாமல் செம்பை நீட்டினார். அறுபது தப்படி தள்ளி பனைமரத்தில் செம்பு தொங்கியது.

லைசென்ஸ் மாமா பேரில் இருப்பதால் அவர்தான் சுட வேண்டும். ஆனால் மருந்து போடும் உரிமையை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அரியலூரிலிருந்து கொண்டு வந்த கோட்டைப் போட்டுக்கொண்டு, இன்ஸ்பெக்டர் முகத்தையே பார்த்துப் பேசியபடி பொட்டலத்தைப் பிரித்துக் குழலுக்குள் கொட்டினேன். "குறி தவறுவது கையால் அல்ல ஐயா, அளவால். ஒவ்வொரு பொட்டலமும் ஒரே எடை. ஒரு குன்றிமணி கூடாது, ஒரு குன்றிமணி குறையாது." கொட்டுவது என்ன என்று குனிந்து பார்க்கவில்லை. நான் மடித்த பொட்டலத்தை நானே சோதிப்பதா? மூக்காவது சொல்லியிருக்க வேண்டும். பெருங்காயம் இடித்ததிலிருந்து அதுவும் மரத்துக் கிடந்தது.

துணி சுற்றிய குண்டைப் போட்டு, கோடு வரை இறக்கி, கேப்பை மாட்டி மாமாவிடம் நீட்டினேன். மாமா சிலுவை போட்டுக்கொண்டு குறி பார்த்தார்.

டப்.

கேப்பு மட்டும் வெடித்தது. செம்பு அசையவில்லை. இன்னொரு கேப்பு மாட்டினேன். டப். மூன்றாவது. டப். பின்பக்கத்து ஓட்டையிலிருந்து நூல் மாதிரிப் புகை கிளம்பியது. இன்ஸ்பெக்டர் மூக்கை உறிஞ்சினார்.

"யார் வீட்டுல தாளிக்கிறாங்க?"

உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. ஓமமும் பெருங்காயமும் பொரிந்த வாசனை கொல்லை முழுக்க! மணியக்காரர் தொப்பை குலுங்கச் சிரித்தார். "ரசம் வக்கிற துப்பாக்கிங்கய்யா. பன்னி இலை போட்டு உக்காந்துக்கும்!" ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. மாமா துப்பாக்கியை என் கையில் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போய் ஓரமாக நின்றார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

வேட்டைப் பையிலிருந்து இன்னொரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, நாக்கில் வைத்தேன். ஓமம்.

அப்படியென்றால் அந்த மருந்து எங்கே? நினைத்த மாத்திரத்தில் மண்டைக்குள் எல்லாம் வரிசையாக வந்து நின்றது. ஜில்லென்று உப்புக் கரிக்குது. அடிக்கடி ஒண்ணுக்குப் போகுது. வேளைக்கு ஒன்று! திரும்பிப் பார்த்தேன். மாமா துக்கம் தாளாமல் வாயில் சுருட்டை வைத்து, தீக்குச்சியைக் கிழித்து, பக்கத்தில் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்.

வயிற்றுக்குள் ஈரத்தில் கிடக்கும் மருந்து வெடிக்காது என்று எனக்குத் தெரியும். கம்பவுண்டருக்குத் தெரியும். ஆனால் அந்த நிமிஷம் நான் கம்பவுண்டராக இல்லை. "சேசு மரி சூசையே!" என்று கத்திக்கொண்டே பாய்ந்து, சுருட்டு தீக்குச்சி இரண்டும் பறக்கிற மாதிரி மாமா வாயில் விட்டேன் ஒரு அறை!

சிரிப்பு நின்றுபோனது.

"மாப்ள..." என்றார் மாமா, வாயைப் பிடித்துக்கொண்டு.

"நீங்க மூணு நாளா சாப்பிட்டது துப்பாக்கி மருந்து மாமா!"

முதலில் மணியக்காரர்தான் நாலு அடி பின்னால் போனார். அவரைப் பார்த்து ஊர் முழுக்கப் பின்வாங்கியது. மாமாவைச் சுற்றிக் களம் மாதிரி ஒரு வெட்ட வெளி. யாரோ பீடியை மண்ணில் தேய்த்து அணைத்தார்கள். இன்ஸ்பெக்டர் நாற்காலியோடு எழுந்து நாற்காலியோடு நகர்ந்தார்.

"அப்ப நான் வெடிச்சுருவனா மாப்ள?"

"இல்ல மாமா, ஈரத்துல வெடிக்காது. தண்ணி குடிங்க, போதும்."

மாமா ஒரு குடம் தண்ணீரையும் தூக்கிக் குடித்தார். ஊர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் நோட்டை எடுத்துப் பேனா மூடியைக் கழற்றினார். "துப்பாக்கியைக் கட்டுங்கப்பா" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு வாரத்தில் அந்த மனுஷரின் வேட்டியைக் கிழித்து, வயிற்றைக் கெடுத்து, வாயில் அறைந்து, கடைசியில் துப்பாக்கியையும் பறிகொடுக்க வைத்திருக்கிறேன்.

குடத்தைக் கீழே வைத்த மாமா சட்டென்று மடியைத் தடவினார். "ஐயா, ஒரு நிமிசம்." மடியிலிருந்து வெளியே வந்தன நாலு பொட்டலம்! அதிகாரி வருகிறார் என்ற பயத்தில் காலையிலிருந்தே வயிறு கலங்கியதால், மிச்ச மருந்தையெல்லாம் கையோடு எடுத்து வந்திருக்கிறார்.

அதற்குப் பிறகு நடந்ததில் எனக்கு ஒரு பங்கும் இல்லை. மாமா கேப்பு மாட்டும் மூக்கைத் திருகிக் கழற்றி, உள்ளே கிடந்த ஓமப் பொடியைக் கம்பியால் கொஞ்சம் நோண்டி எடுத்து, அந்த இடத்தில் நிஜ மருந்தைக் கொஞ்சம் திணித்து, மூக்கைத் திரும்ப மாட்டிச் சுட்டார். 'புஸ்' என்று குண்டு பத்தடி தள்ளி விழுந்தது. கூடவே வந்த கரிப்பொடி மேகம் காற்றில் மிதந்துபோய் மணியக்காரரின் சலவை அங்கவஸ்திரத்தில் நிதானமாக இறங்கியது. ஈரத்துணி, காய்ந்த துணி. பொட்டலம், குண்டு, கோடு வரை இடி. நான் சொல்லிக்கொடுத்த வரிசை ஒன்றுகூடத் தவறவில்லை.

டணார்! செம்பு ஒரு சுற்றுச் சுற்றியது. ஊர் கத்தியது. இரண்டாவது, டணார்! நான் கோட்டைக் கழற்றி ஆகாயத்தில் வீசினேன். "போதும்யா, போதும்!" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இருங்கய்யா, இன்னும் ஒரு வேள மிச்சம் இருக்கு" என்று மூன்றாவதையும் போட்டுச் சுட்டார் மாமா. செம்பின் கழுத்து தனியாக, வயிறு தனியாக விழுந்தது.

லைசென்ஸ் நிலைத்தது. ஊர் மாமாவைத் தூக்கிக்கொண்டு போயிற்று. என் தராசைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. "வவுத்துக்குள்ளயே மருந்து இருக்கறப்ப குறி எப்புடித் தப்பும்?" என்று பேசிக்கொண்டார்கள். இன்ஸ்பெக்டர் மட்டும் வண்டியேறுமுன் என்னைத் தனியே கூப்பிட்டார். பாராட்டப் போகிறார் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன்.

"எனக்கும் பொருமல் உண்டு. அந்த ஓமப் பொடி ரெண்டு பொட்டலம் கிடைக்குமா? நீங்களே முதல்ல தின்னு காட்டிட்டுக் குடுங்க."

தின்று காட்டிவிட்டுத்தான் கொடுத்தேன்.

அறைந்ததற்காக மாமா என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அதன்பின் நான் எந்த மருந்து கொடுத்தாலும், ஒரு சிட்டிகை எடுத்து அடுப்பில் போடுவார். சீறாவிட்டால்தான் வாயில் போடுவார். அவரிடமிருந்து அது ஆரோக்கியத்துக்கு வந்தது, அவளிடமிருந்து பிள்ளைகளுக்கு, இப்போது பேரப்பிள்ளைகளுக்கு. ஏன் என்று தெரியாத மருமகள்கள்கூடச் செய்கிறார்கள். போன வாரம் எனக்கு ஜுரம். பெரிய டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை. ஆரோக்கியம் அதன் ஓரத்தைக் கிள்ளி காஸ் அடுப்பு நெருப்பில் போட்டுக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு தம்ளரில் தண்ணீரோடு வந்து என் எதிரில் நின்றாள்.

"வெடிக்கல. வேளைக்கு ஒண்ணு போட்டுக்குங்க."